பஞ்சாயத்துக்கு ஒரு வலைப்பக்கம்: தொடங்குவோருக்குச் சில பாடங்கள்

ஒரு கிராமத்தின் பொதுக் காரியங்கள் அக்கிராமத்து மக்கள் அனைவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது பஞ்சாயத்து ஆட்சியின் முதற் கொள்கையாகும். இதற்காகவே முற்காலத்தில் தண்டோரா போடப்பட்டது. பின்னர்ப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் கரும்பலகை இடம் பெற்றது. 2022-ஆம் ஆண்டில், தண்டோரா முறையைக் கைவிட்டு ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளின் வாயிலாகச் செய்தி சொல்லும்படி தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். இவற்றோடு இன்று இணையமும் சேர்ந்திருக்கிறது. கைபேசி இல்லாத வீடு அரிதாகி வரும் இந்நாளில், தங்கள் ஊருக்கென ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பலர் நம்மிடம் விருப்பம் தெரிவிக்கின்றனர். விருப்பம் நல்லதே. ஆயினும், பக்கம் ஒன்று இருப்பது வேறு. அது பயன்படுவது வேறு. பயன்படும் பக்கத்தை அமைப்பதற்குரிய அடிப்படை விதிகளைப் புதிதாகத் தொடங்குவோருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் செய்த பிழை

பிறருக்குப் பாடம் சொல்ல முற்படுமுன் நமது பிழையை ஒப்புக்கொள்வது முறை. நமது வட்டாரத்து அலுவலகத்திற்கு ஒரு நாள் காலை முதியவர் ஒருவர் வந்தார். ஒன்றியத்தின் கோடியிலுள்ள குக்கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் நிலப் பத்திரங்களும் பட்டா நகலும் இருந்தன. விவசாயக் கருவிகளுக்கான மானிய விண்ணப்பங்களைப் பெறும் முகாம் எங்கே நடைபெறுகிறது என்று கேட்டார். அன்று முகாம் ஏதும் இல்லை. அவர் தமது பேரனின் கைபேசியை நீட்டினார். அதில் நமது வலைப்பக்கத்து அறிவிப்பு இருந்தது: "வருகிற 15-ஆம் தேதி காலை 10 மணிக்கு முகாம் நடைபெறும்." அது முந்திய ஆண்டின் அறிவிப்பு. ஆண்டும் மாதமும் அதில் இல்லை. முத்திரையும் கையொப்பமும் மட்டும் ஒழுங்காக இருந்தன. கையொப்பம் நம்முடையது.

அன்று அவருக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர். அந்த முறையை விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்த முறை எட்டு நாள் கழித்துத்தான். அவர் கோபம் கொள்ளவில்லை. "ஐயா, கரும்பலகையில் எழுதியிருந்தால் ஒரு மழைக்கு அழிந்து போயிருக்கும். இது அழியவே இல்லையே!" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தின் அழகில் குறை ஒன்றும் இல்லை. பல வண்ணங்களில் தலைப்பு இருந்தது; ஓடும் எழுத்துக்கள் இருந்தன; கட்டடத்தின் படம் இருந்தது. வருகிறவர் என்ன கேட்டு வருகிறார் என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்க்கவில்லை. வலைப்பக்கம் என்பது கேள்வியுடன் வருகிறவருக்குச் சொல்லும் விடை. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால், பின்வரும் விதிகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

வலைப்பக்கம் என்றால் என்ன?

உலகளாவிய வலை என்னும் அமைப்பை 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய போது முன்மொழிந்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் தத்தம் குறிப்புகளை ஒருவருக்கொருவர் எளிதில் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. 1991-ஆம் ஆண்டில் முதல் வலைத்தளம் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தக் கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று செர்ன் நிலையம் அறிவித்தது. இன்று ஒரு சிறு பஞ்சாயத்தும் தனக்கொரு பக்கம் அமைத்துக்கொள்ள இயலுவது இத்தகைய பெருந்தன்மையின் பயனே.

அந்த முதல் வலைத்தளத்தில் அலங்காரம் ஏதும் இல்லை. தலைப்பு, சில வரிகள், வேறு பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகள் ஆகியவையே இருந்தன. அது இன்றைய சிறிய கைபேசியிலும் படிக்கக்கூடிய நிலையில் உள்ளது. எளிமைக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பக்கம் ஒன்றில் இரு பகுதிகள் உண்டு. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது இணைப்பு என்று பொருளை வகுத்துக் காட்டுவது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகிய தோற்றத்தைக் கூறுவது சி.எஸ்.எஸ். என்பது. இவ்விரண்டையும் பிரித்து வைக்கலாம் என்ற யோசனையை 1994-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹோகோன் வியூம் லீ வெளியிட்டார்; 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் அது பொது நியமமாயிற்று. முன்னது வீட்டின் சுவரைப் போன்றது. பின்னது சுண்ணாம்புப் பூச்சைப் போன்றது. சுவர் எழும்பிய பின்னரே வெள்ளை அடிக்கிறோம். பக்கம் அமைப்பதிலும் அந்த வரிசையைக் கைக்கொள்ள வேண்டும்.

முதற் பாடம்: கேள்விகளைச் சேகரித்தல்

கணினியைத் தொடுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் விடாமல் அதில் குறித்து வாருங்கள். வீட்டு வரி எவ்வளவு, எங்கே செலுத்துவது? குழாயில் தண்ணீர் எப்பொழுது வரும்? தெரு விளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது? வீடு கட்ட அனுமதி பெற என்னென்ன தாள்கள் வேண்டும்? கிராம சபை எந்நாள்? இச்சான்று பஞ்சாயத்தில் கிடைக்குமா, கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்குமா? மாத முடிவில் எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மிகுதியாக வந்த ஐந்தாறு கேள்விகளே உங்கள் முகப்புப் பக்கத்தின் உள்ளடக்கம்.

தலைவரின் வாழ்த்துரை, ஊரின் வரலாறு, திறப்பு விழாப் படங்கள் ஆகியவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊர்ப் பெருமையை எழுதுவது நல்லதே; ஆனால் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம். தண்ணீர் வராமல் குடத்துடன் நிற்கும் பெண்மணி, வாழ்த்துரையைக் கடந்துதான் குழாய்ப் பணியாளரின் எண்ணைக் காண வேண்டும் என்றிருத்தல் கூடாது.

அடுத்து, கைபேசியின் அகலத்திற்கு ஒரு தாளை வெட்டி எடுத்துக்கொண்டு, முகப்புப் பக்கத்தைப் பென்சிலால் அதில் எழுதிப் பாருங்கள். அத்தாளில் அடங்காதது திரையிலும் ஒரே பார்வையில் அடங்காது. எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்ற தீர்மானத்தைத் தாளிலேயே முடித்துக்கொள்வது சிக்கனம். தாளில் அழிப்பதற்குச் செலவில்லை.

இரண்டாம் பாடம்: அறிவிப்பு எழுதும் முறை

முக்கியமானது முதலில் வர வேண்டும். அரசு அலுவலகக் கடிதங்களில் பார்வை எண்களும் முன்னுரையும் முதலில் வந்து, விஷயம் கடைசியில் வருவது வழக்கம். வலைப்பக்கத்தில் இவ்வழக்கம் உதவாது. ஓர் அறிவிப்பை நாம் முன்பு எழுதியிருக்கக்கூடிய முறை இது:

"மேற்படி பொருள் தொடர்பாக, வருகிற 2-ஆம் தேதி கிராம சபைக் கூட்டம் நடைபெற இருப்பதால், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இப்பொழுது எழுத வேண்டிய முறை இது:

"கிராம சபைக் கூட்டம். 2026 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, காலை 11 மணி. இடம்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வளாகம். பேசப்படுபவை: குடிநீர், சென்ற ஆண்டு வரவு செலவு, தெரு விளக்கு. வாக்காளர் எவரும் வந்து பேசலாம்."

என்ன, எந்நாள், எங்கே, எதைப் பற்றி, யாருக்கு என்ற ஐந்து கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. ஆண்டு, மாதம், நாள், கிழமை நான்கும் இருக்கின்றன. நாளுடன் கிழமையையும் எழுதுவதில் ஒரு நன்மை உண்டு. எழுதுகிறவர் தேதியைத் தவறாகக் குறித்துவிட்டால் கிழமை பொருந்தாது. பிழை அங்கேயே பிடிபடும். "வருகிற", "அடுத்த வாரம்", "நாளை" போன்ற சொற்கள் ஒலிபெருக்கியில் சொல்லுவதற்கு உரியவை. வலைப்பக்கத்தில் உள்ள எழுத்தை எவர் எந்த ஆண்டில் படிப்பார் என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-ஆம் ஆண்டில் கிராம சபை நாட்களாகச் சேர்க்கப்பட்டன. இந்த ஆறு நாட்களையும் ஒரு சிறு அட்டவணையாக முகப்பில் வைக்கலாம்.

மூன்றாம் பாடம்: எழுத்தைப் படமாக்காதீர்

நம் அலுவலகங்களில் மிகப் பரவலாக நிகழும் தவறு இது. கையொப்பமிட்ட தாளைக் கைபேசியால் படம் பிடித்து, அப்படத்தையே அறிவிப்பாகப் போட்டுவிடுகிறோம். நமது முகாம் அறிவிப்பும் அவ்வாறே போடப்பட்டது. இதனால் வரும் தீமைகள் பல. படத்திலுள்ள எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். தேடும் இயந்திரத்திற்கு அது எழுத்தாகத் தென்படும் என்று உறுதி சொல்ல முடியாது. பார்வையற்றோர் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிக் கேட்கும் கருவிகளை உபயோகிக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர் 2006-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசச் செயலி அத்தகையது. வெறும் படத்தை வைத்துவிட்டால் இக்கருவிகள் வாய் திறப்பதற்கு வழியில்லை.

எடையையும் பாருங்கள். ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் இணையத்தில் 3 பைட் இடம் கொள்கிறது. ஆயிரம் குறிகள் கொண்ட அறிவிப்புக்கு ஏறத்தாழ 3 கிலோபைட் போதும். அதே அறிவிப்பைப் படம் பிடித்தால் 3 மெகாபைட் ஆகலாம். அதாவது ஆயிரம் மடங்கு. விநாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அந்தப் படம் வந்து சேர 24 விநாடிகள் ஆகும். எழுத்தாக இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். கைபேசிக் கோபுரம் தொலைவிலுள்ள தோட்டத்து வீடுகளில், இந்த வேறுபாடு செய்தி கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

தமிழ் எழுத்தை எந்த முறையில் தட்டச்சு செய்வது என்பதும் முக்கியம். 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியேற்றத்தைக் கையாண்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் உருவிழந்து, பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிற்குப் பின் தமிழ் 99 விசைப்பலகையும் பொதுக் குறியேற்றங்களும் வகுக்கப்பட்டன. 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனினும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் சில அலுவலகங்களில் எஞ்சியிருக்கக் காண்கிறோம். வலைப்பக்கத்திற்கு உரிய எழுத்தை ஒருங்குறியிலேயே அடிக்க வேண்டும் என்பதை எழுத்தருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கையொப்பமிட்ட மூலத்தைக் காட்டுவது அவசியமாயின், எழுத்தான அறிவிப்புக்குக் கீழே அதற்கு ஓர் இணைப்புத் தரலாம்.

நான்காம் பாடம்: எழுத்தின் அளவும் நிறமும்

உலாவிகள் இயல்பாக எழுத்துக்குக் கொடுக்கும் அளவு 16 பிக்சல். தமிழ் எழுத்துக்களில் வளைவும் சுழியும் மிகுதி. ஆதலால் இந்த அளவுக்குக் குறைக்கவே கூடாது. 18 வைப்பது மேல். மேலே இகர ஈகாரக் கொக்கிகளும் கீழே உகர ஊகாரக் கீற்றுகளும் வருவதால் வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தின் அளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் விடுங்கள். வலியுறுத்த வேண்டிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டலாம். அடிக்கோடு உகரக் கீற்றை வெட்டும். அதனை இணைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாய்ந்த எழுத்து தமிழுக்கு இயல்பன்று. மேலும், நீண்ட தொடர்ச் சொற்கள் குறுகிய திரையில் உடைந்து தோன்றும். பிரித்து எழுதக்கூடிய இடத்தில் பிரித்து எழுதுவது நலம்.

நிறத்தைப் பற்றி ஓர் அளவுகோல் உண்டு. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் 4.5-க்கு 1 என்பதற்குக் குறையக் கூடாது என்று வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு விதித்துள்ளது. வெள்ளையின் மேல் கருமை எழுதினால் இவ்விகிதம் 21-க்கு 1 ஆகும். வெள்ளையின் மேல் மஞ்சளும், பச்சையின் மேல் சிவப்பும் அழகெனத் தோன்றலாம். ஆனால் படிக்க இயலாது. கருவியின்றிச் சோதிக்க நாம் ஒரு வழியைக் கையாள்கிறோம். நண்பகல் வெயிலில் வயல் வரப்பில் நின்று கைபேசியைத் திறந்து பாருங்கள். அங்கே படிக்க முடிந்தால் எங்கும் படிக்கலாம்.

நிறத்தை மட்டும் கொண்டு செய்தி சொல்வதும் தவறு. குடிநீர் அட்டவணையில் சிவப்பு இருந்தால் விநியோகம் இல்லை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நிறத்தோடு "இன்று விநியோகம் இல்லை" என்று எழுத்திலும் குறிக்க வேண்டும்.

படங்களை அறவே விலக்க வேண்டியதில்லை. தூர் வாருமுன்னும் வாரிய பின்னும் எடுத்த ஏரியின் படங்கள் நூறு வரிகளைவிட நன்கு பேசும். ஆனால் கைபேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்ற வேண்டாம். அகலத்தை 1000 பிக்சலாகக் குறைத்தால், புள்ளிகளின் எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறு திரையில் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. படம் எதைக் காட்டுகிறது என்பதை அதன் அடியில் ஒரு வரியில் எழுதுங்கள்.

ஐந்தாம் பாடம்: வழி காட்டுதல்

வலைப்பக்கத்திற்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்வாசல் வழியாக வருவதில்லை. தேடிக் கண்டோ, உறவினர் அனுப்பிய இணைப்பைத் தொட்டோ நேரே கொல்லைப்புறத்தில் வந்து நிற்பார்கள். ஆகவே, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பஞ்சாயத்தின் பெயரோடு ஒன்றியத்தின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இருத்தல் அவசியம். புதூர், புதுப்பட்டி என்ற பெயருடைய ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனை உள்ளன என்பதை நினைத்துப் பாருங்கள். வேறொரு புதூரின் முகாமுக்கு நம் புதூர்க்காரர் புறப்பட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகப்புக்குத் திரும்பும் வழியும் வேண்டும்.

"இங்கே தொடவும்" என்று பத்து இடங்களில் எழுதினால், எங்கே எது உள்ளது என்று தெரியாது. "வீட்டு வரி செலுத்தும் முறை", "குடிநீர்ப் புகார்" என்று இணைப்பு தன் பொருளைத் தானே சொல்ல வேண்டும். உழைத்துத் தடித்த விரல் தொடுவதற்குரிய அளவில் இணைப்புகள் பெரிதாகவும், இடையே இடைவெளியுடனும் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைத் தொட்ட மாத்திரத்தில் அழைப்புச் செல்லும்படி அமைப்பது எளிது. அதை மறக்க வேண்டாம்.

ஆறாம் பாடம்: கணக்கும் மறைவும்

பொது அமைப்புகள் தம் செய்திகளை மக்கள் கேளாமலே தாமே முன்வந்து வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில் கூறுகிறது. பஞ்சாயத்துகளின் திட்டங்களையும் கணக்குகளையும் காட்டுவதற்காக 2020 ஏப்ரல் 24 அன்று இ-கிராம் ஸ்வராஜ் என்னும் தேசியத் தளம் தொடங்கப்பட்டது. உங்கள் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். அத்துடன், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று பத்து வரிகளில் ஒரு சுருக்கத்தை எளிய அட்டவணையாகத் தாருங்கள். கணக்கைத் திறந்து வைத்த பஞ்சாயத்தின் மேல் வதந்தி ஒட்டுவதில்லை.

ஆயினும், எல்லாவற்றையும் வெளியிடுவது நேர்மை ஆகாது. வீடு பெற்றோர், உதவித்தொகை பெறுவோர் ஆகியோரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றைப் பட்டியலோடு பட்டியலாகப் போட்டுவிடுவது பெருந்தவறு. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை 2016-ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம் தடுக்கிறது. ஏமாற்றுக்காரர்கள் இத்தகைய பட்டியல்களுக்காகவே காத்திருக்கின்றனர். பஞ்சாயத்துப் பணத்தின் கணக்கு ஊருக்குச் சொந்தம். தனியொருவரின் எண்கள் அவருக்கே சொந்தம்.

ஏழாம் பாடம்: பராமரிப்பு

கிணறு வெட்டினால் தூர் வார வேண்டும். பக்கம் திறந்தால் திருத்த வேண்டும். "கடைசியாகத் திருத்திய நாள்" என்ற வரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். முடிந்துபோன அறிவிப்புகளை முகப்பிலிருந்து எடுத்து "முடிந்தவை" என்ற தனிப் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் "முடிந்தது" என்று எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை தோறும் முகப்பைப் படித்துப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் விடுப்பில் சென்றால் பார்ப்பதற்கு மற்றொருவர் வேண்டும். எல்லோருடைய வேலையும் எவருடைய வேலையும் ஆகாது.

தளத்தின் கடவுச்சொல் அமைத்துக் கொடுத்த இளைஞரின் நினைவில் மட்டும் இருந்து, அவர் வேலை தேடி நகரம் சென்றபின் பக்கம் பூட்டிய வீடாகிவிடுவதும் உண்டு. கடவுச்சொல்லை உறையிலிட்டு, மற்ற முக்கியப் பத்திரங்களோடு அலுவலகப் பெட்டியில் வைக்க வேண்டும். தளத்தின் முகவரியை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டிய நாளைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். மத்திய அரசு 2009-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டு, 2023-இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய அரசு இணையதள வழிகாட்டு நெறிகளைப் பக்கம் அமைத்துத் தருபவரிடம் காட்டி, அவற்றுக்கு இணங்கச் செய்யும்படி கேட்பதும் நன்று.

சோதனை

பக்கம் ஆயத்தமானதும் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க வேண்டாம். மூன்று பேரை அழையுங்கள்: ஒரு முதிய விவசாயி, மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பள்ளி மாணவர் ஒருவர். கைபேசியை அவர்கள் கையில் கொடுத்து, "குடிநீர்ப் புகார் சொல்ல வேண்டிய எண்ணைக் கண்டு சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பின்னர் வாய் திறவாமல் இருங்கள். வழி காட்ட வேண்டாம். அவர்கள் தயங்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் இவ்வாறு சோதித்த போது, விவசாயி ஒருவர் தண்ணீர்த் தொட்டியின் படத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார். அது வெறும் அலங்காரப் படம். அறியாமை அவருடையது என்று நாம் முதலில் நினைத்தோம். தண்ணீரைக் குறித்துக் கேட்டவர் தொட்டியைத் தொட்டது நியாயமே என்பது பின்னரே புலப்பட்டது. மறுநாள் அப்படத்தைத் தொட்டால் புகார் எண் வரும்படி மாற்றினோம். படிப்பவர் தடுமாறும் இடத்தில் பிழை பக்கத்தினுடையது, படிப்பவருடையது அன்று.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

விளைபொருளை நேரே விற்க விரும்பும் விவசாயிகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கும் இதே விதிகள் பொருந்தும். என்ன பொருள், எவ்வளவு இருப்பு, என்ன விலை, அவ்விலை எந்நாள் வரை, எங்கே வந்து எடுப்பது, யாரை அழைப்பது ஆகிய ஆறும் முதல் திரையில் இருக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த அன்றே "தீர்ந்தது" என்று எழுதிவிடுங்கள். பழைய விலையைக் கண்டு தொலைவிலிருந்து வந்து திரும்பும் வாங்குபவர் மறுமுறை வரமாட்டார்.

முடிவாக

வலைப்பக்கம் வந்துவிட்டதென்று கரும்பலகையைக் கழற்றிவிட வேண்டாம். கைபேசி இல்லாதவரும், இருந்தும் படிக்க இயலாதவரும் நம் கிராமங்களில் உண்டு. பலகையும் ஒலிபெருக்கியும் அவர்களுக்கு வேண்டும். மூன்றிலும் ஒரே நாளும் ஒரே நேரமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை.

முகாமைத் தவறவிட்டு வந்த அம்முதியவரின் விண்ணப்பத்தை, அவ்வாண்டு முகாம் நடந்த போது முறைப்படி பெற்றுக்கொண்டோம். அவர் இழந்த முறைத் தண்ணீரை மட்டும் நம்மால் திருப்பித் தர இயலவில்லை. அன்று முதல் ஆண்டு குறிக்காத எந்த அறிவிப்பிலும் நாம் கையொப்பமிடுவதில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், தங்கள் ஊருக்குப் பக்கம் இருக்குமாயின் இன்றே அதைத் திறந்து, முதல் அறிவிப்பில் ஆண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்களாக. பக்கம் இல்லாதவர்கள் முதலில் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்குவார்களாக.